ஸ்ட்ரெந்தன் கேள்விகளில் கடைசி இரண்டு ஆப்ஷன்களுக்குள் மாட்டிக்கொள்பவர்களுக்கு

கேள்வி இது: எல்சாட் (சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு), ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) போன்றவற்றில் வரும் லாஜிக்கல் ரீசனிங்கில் வாதத்தைப் பலவீனப்படுத்தச் சொன்னால் சரியாகச் செய்துவிடுகிறேன், ஆனால் பலப்படுத்தச் சொன்னால், அதாவது ஸ்ட்ரெந்தன் கேள்வி வந்தால், மூன்று ஆப்ஷன்களை அடித்துவிட்டு மிச்சமிருக்கும் இரண்டில் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன், ஏன், அதற்கு என்ன செய்வது?

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலவீனப்படுத்தச் சொல்லும்போது நாம் இயல்பாகவே வாதத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிடுகிறோம், அதனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண் தானாகத் தேடுகிறது. பலப்படுத்தச் சொன்னதும் மனசு வாதத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் சாய்ந்தபிறகு ஓட்டை தெரியாது. முடிவுக்குச் சாதகமான வாடை அடிக்கிற எந்த வாக்கியமும் நல்ல விடை போலவே தோன்றும். ஆக, ஸ்ட்ரெந்தன் கேள்வியிலும் எதிர்ப்பக்கமே உட்காருங்கள். இந்தப் பதிலில் மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

நான் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வேன். அவருக்குச் சந்தேகப் பேர்வழி என்று பெயர். அவர் முட்டாள் இல்லை, குதர்க்கம் பேசுகிறவரும் இல்லை. வாதத்தில் ஆதாரமாகக் கொடுத்திருப்பதை எல்லாம் அப்படியே ஒப்புக்கொள்வார், ஒரு எழுத்துகூட மறுக்க மாட்டார். ஆனால் முடிவை மட்டும் ஏற்க மாட்டார். 'நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனாலும்...' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். அந்த 'ஆனாலும்' என்பதற்குப் பிறகு அவர் என்ன சொல்வார் என்று நீங்கள் யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆப்ஷன்களைப் படிக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'இது முடிவுக்குச் சாதகமாக இருக்கிறதா' என்பதே இல்லை. 'இதைச் சொன்னால் சந்தேகப் பேர்வழி கொஞ்சமாவது இறங்கி வருவாரா' என்பதுதான் கேள்வி.

வெறுமனே சொன்னால் புரியாது, ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நானே எழுதியதுதான், ஆனால் வடிவம் தேர்வில் வருவது போலவே இருக்கும்.

ஓர் அலுவலகத்தில், விருப்பப்பட்ட ஊழியர்களுக்கு மட்டும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேசை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த மேசையை வாங்கிக்கொண்டவர்களிடம் முதுகுவலிப் புகார்கள், வாங்காதவர்களைவிட மிகக் குறைவாக இருந்தன. ஆகவே இந்த மேசை முதுகுவலியைக் குறைக்கிறது. பின்வருவனவற்றில் எது, உண்மையாக இருந்தால், இந்த வாதத்தை மிகவும் பலப்படுத்தும்?

அ) அலுவலக ஊழியர்கள் விடுப்பு எடுப்பதற்கு முதுகுவலி ஒரு முக்கியக் காரணம்.
ஆ) மேசை கொடுப்பதற்கு முன்பு, இந்த இரண்டு குழுக்களிலும் முதுகுவலிப் புகார்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தன.
இ) மேசையை வாங்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்கு மிகவும் வசதியாக இருப்பதாகச் சொன்னார்கள்.
ஈ) மேசையை வாங்கிக்கொண்டவர்களில் பலர் அதே ஆறு மாதத்தில் உடற்பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தார்கள்.
உ) இத்தகைய மேசைகளை வாங்கும் நிறுவனங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருகிறது.

ஆப்ஷன் பக்கம் போகாதீர்கள், முதலில் சந்தேகப் பேர்வழியைப் பேச விடுங்கள். 'மேசை வாங்கியவர்களிடம் புகார் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், யார் யார் மேசை கேட்டு வாங்கினார்கள்? உடம்பைப் பற்றி அக்கறை உள்ளவர்கள்தான் முன்வந்திருப்பார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வலி இருந்திருக்காது. மேசை எதையும் செய்யவில்லை, ஆரோக்கியமானவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.' விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்ற சொற்களைச் சும்மா படித்துத் தாண்டியிருந்தால் இந்த மறுப்பு தோன்றியிருக்காது. இப்போது ஆப்ஷன்களைப் பாருங்கள். ஆ-வைக் கேட்டதும் அவர் வாய் அடைத்துப்போகிறது, ஏனென்றால் தொடக்கத்தில் இரு குழுவும் ஒரே நிலையில்தான் இருந்தன. முழுமையாக அடைத்துவிட்டதா? இல்லை. 'சரி, ஆறு மாதத்தில் வேறு ஏதாவது மாறியிருக்கலாமே' என்று அவர் இன்னும் கேட்கலாம். கேட்கட்டும். வாதத்தை நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முன்பைவிட ஓரடி நகர்ந்தால் போதும்.

கடைசி இரண்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் நிற்பார்கள். இ ஏன் இழுக்கிறது? அது மேசையைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறது. வசதி, மகிழ்ச்சி, திருப்தி. ஆனால் வாதம் மேசை நல்லதா என்பதைப் பற்றியது இல்லை. மேசை முதுகுவலியைக் குறைத்ததா என்பதைப் பற்றியது. சந்தேகப் பேர்வழி தோளைக் குலுக்கிவிட்டு 'வசதியாக இருக்கட்டுமே, அதற்கென்ன' என்று போய்விடுவார். அ-வும் அப்படித்தான், பிரச்சினை பெரியது என்று சொல்கிறது, தீர்வு வேலை செய்தது என்று சொல்லவில்லை. உ வெறும் ஊர்வலம், நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்பதால் வலி குறையாது. ஈ-யைப் படிக்கும்போது மட்டும் கவனம், அது எதிரணி. உடற்பயிற்சி என்ற இன்னொரு காரணத்தை உள்ளே கொண்டுவந்து வாதத்தைக் கவிழ்க்கிறது. அவசரத்தில் படிக்கிறவர்கள் 'ஆரோக்கியம், வலி குறைவு, எல்லாம் ஒரே திசை' என்று நினைத்து இதையும் தேர்ந்தெடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொன்றும் இருக்கிறது, நிறையப் பயிற்சி நிலையங்களில் தவறாகச் சொல்லிக்கொடுக்கும் விஷயம். 'வாதத்தில் இல்லாத புது விஷயம் வந்தால் அந்த ஆப்ஷனை அடித்துவிடு' என்பார்கள். வாதத்திலிருந்து எதை முடிவாகப் பெறலாம் என்று கேட்கும் கேள்விகளுக்கு அது ஓரளவு பொருந்தும், இங்கே அறவே பொருந்தாது. மேசை கொடுப்பதற்கு முந்தைய புகார் விகிதம் பற்றி வாதத்தில் ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் அதுதான் விடை. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்க முடியும், உள்ளே இருப்பதையே திரும்பச் சொன்னால் வாதம் எப்படிப் பலமாகும்? ஆதாரத்தை வேறு சொற்களில் ஒப்பிக்கும் ஆப்ஷன்தான் உண்மையில் அடிக்க வேண்டியது. சந்தேகப் பேர்வழி அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார், திரும்பச் சொல்லி என்ன பயன்.

கேள்வியில் 'உண்மையாக இருந்தால்' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறதே, அதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். அது உங்களுக்குக் கொடுத்த சலுகை. ஆப்ஷனில் சொன்னது நடக்குமா, நம்பத்தக்கதா, நிஜ உலகில் அப்படி உண்டா என்று நீங்கள் ஆராயவே வேண்டாம். உண்மை என்று வைத்துக்கொண்டு அதன் விளைவை மட்டும் பாருங்கள். இதனால் இன்னொரு லாபமும் உண்டு: 'எல்லா', 'ஒருபோதும்', 'ஒவ்வொரு' போன்ற கடுமையான சொற்களைக் கண்டால் இங்கே பயப்படத் தேவையில்லை. வாதத்துக்கு அவசியமான அனுமானம் எது என்று கேட்டால் அப்படிப்பட்ட சொற்கள் ஆபத்து, ஏனென்றால் அவ்வளவு தூரம் வாதத்துக்குத் தேவைப்படாது. ஸ்ட்ரெந்தனில் தலைகீழ். உண்மை என்று இலவசமாகவே கொடுத்துவிட்டபிறகு, எவ்வளவு பலமான கூற்றோ அவ்வளவு நல்லது. 'சில', 'சிலசமயம்', 'இருக்கக்கூடும்' என்று வழவழவென்று பேசும் ஆப்ஷன்தான் பெரும்பாலும் எதையும் நகர்த்தாது.

சரி, சந்தேகப் பேர்வழி என்ன மாதிரியான மறுப்புகளைச் சொல்வார் என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் அவை எண்ணற்றவை இல்லை, ஒரு கைப்பிடிதான். இவற்றில் அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும் காரண காரிய வாதம். இது நடந்தது, அதுவும் நடந்தது, ஆகவே இதனால்தான் அது. இதற்கு அவர் சொல்லும் மறுப்புகள்: காரணம் வேறு ஏதோ ஒன்று, அல்லது காரியம்தான் காரணம், நீங்கள் திருப்பிப் பிடித்துவிட்டீர்கள், அல்லது மூன்றாவது ஒன்று இரண்டையும் உண்டாக்குகிறது, அல்லது சும்மா தற்செயல், அல்லது உங்கள் கணக்கே சரியாக எடுக்கப்படவில்லை. விடையும் இவற்றில் ஒன்றை அடைப்பதாக இருக்கும், இல்லையென்றால் காரணம் இருக்கும் இடத்தில் காரியமும் இருக்கிறது, காரணம் இல்லாத இடத்தில் காரியமும் இல்லை என்று புதிதாக ஒரு சாட்சியைக் கொண்டுவரும்.

இந்தக் கடைசி வகையைப் புரிந்துகொள்ள 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் பரவிய காலராவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பத்தே நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிராட் தெருவில் இருந்த ஒரு அடிகுழாயைச் சுற்றித்தான் சாவுகள் குவிந்திருந்தன, ஆகவே அந்தத் தண்ணீர்தான் காரணம் என்றார் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். அந்தக் காலத்துச் சந்தேகப் பேர்வழிகள் சாதாரண ஆட்கள் இல்லை, பெரும்பாலான மருத்துவர்களே காலரா கெட்ட காற்றினால் வருகிறது என்று நம்பினார்கள். 'குழாயைச் சுற்றிச் சாவு அதிகம், ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும், அந்தப் பகுதியின் காற்றே அழுகிய காற்று, அதே இடத்தில் குழாயும் இருக்கிறது, அவ்வளவுதான்.' இந்த மறுப்பை, சாவு நடந்த இடங்களைக் குறிக்கும் வரைபடத்தில் இன்னும் நூறு புள்ளிகள் வைத்தாலும் அடைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். புள்ளிகள் கூடக் கூட அவர் 'ஆமாம், காற்று அவ்வளவு மோசம்' என்பார். அதே வகை ஆதாரத்தை இன்னும் கொஞ்சம் சேர்ப்பது பலப்படுத்துவது ஆகாது என்பதற்கு இதுதான் உதாரணம்.

ஸ்னோ என்ன செய்தார்? அதே தெருவில் ஒரு மதுவடி ஆலை இருந்தது, எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள், ஒருவர்கூட காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, ஆலைக்குள் சொந்தக் கிணறும் இருந்தது, தெருக்குழாய்ப் பக்கம் போகவே இல்லை. பக்கத்தில் ஓர் ஏழையர் விடுதி, 535 பேர் தங்கியிருந்தார்கள், சுற்றிலும் வீட்டுக்கு வீடு சாவு, உள்ளே ஐந்து பேர்தான் இறந்தார்கள், அங்கேயும் சொந்தக் கிணறு. அதே காற்று, வேறு தண்ணீர், நோய் இல்லை. அப்புறம் எதிர்த்திசையில் ஒரு சாட்சி: தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட் பக்கம் ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார், அப்போது அந்தப் பகுதியில் காலராவே இல்லை. விசாரித்தால், அவர் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர், அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். வேறு காற்று, அதே தண்ணீர், நோய் வந்தது. காற்றுக் கொள்கைக்காரர் இதற்கு என்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு மூதாட்டியின் மரணம், எண்ணிக்கையில் ஒன்றுமே இல்லை, ஆனால் வாதத்தை அது தூக்கிய தூரம் நூறு புள்ளிகள் தூக்காத தூரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி, அதாவது குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது என்பது, வாதமாகப் பார்த்தால் மிகவும் நோஞ்சான். செப்டம்பர் 8 அன்று கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே சாவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தன, மக்களில் பலர் அந்தப் பகுதியைவிட்டு ஓடிவிட்டிருந்தார்கள். கைப்பிடியைக் கழற்றியதால்தான் நின்றதா என்று தீர்மானிக்க முடியாது என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தேர்வு எழுதுகிறவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் ஆப்ஷன் வேறு, வாதத்தைத் தாங்கும் ஆப்ஷன் வேறு.

காரணத்தை நீக்கினால் காரியமும் போகிறது என்பது ஒழுங்காக அமைந்தால் எவ்வளவு பலம் என்பதற்கு ஸ்டாக்ஹோம் நகரம். 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள், சோதனை முயற்சியாக ஏழு மாதம் மட்டும். போக்குவரத்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. இதோடு நின்றிருந்தால் சந்தேகப் பேர்வழி 'எரிபொருள் விலை, பருவநிலை, கூடுதல் பேருந்துகள்' என்று பட்டியல் போட்டிருப்பார். ஆனால் ஜூலை முடிவில் சோதனையை நிறுத்தியதும் வண்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானதும் மறுபடி குறைந்தது. போட்டால் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது, திரும்பப் போட்டால் திரும்பக் குறைகிறது. தற்செயல் என்று சொல்ல இனி நிறையத் துணிச்சல் வேண்டும்.

மூன்றாவது ஒன்று இரண்டையும் உண்டாக்குகிறது என்ற மறுப்புக்குப் புகழ்பெற்ற உதாரணம் புகையிலை. 1950-இல் டால், ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பதற்கும் தொடர்பு காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து ரொனால்ட் ஃபிஷர், புள்ளியியலின் பிதாமகர்களில் ஒருவர், புகைக்கும் நாட்டத்தையும் புற்றுநோயையும் ஒரே மரபணுக்கூறு உண்டாக்கலாமே என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இதை எது அடைக்கும்? புகைப்பதை விட்டவர்களுக்கு ஆபத்து குறைகிறது என்பது அடைக்கும், ஏனென்றால் சிகரெட்டைக் கீழே போட்டதால் மரபணு மாறிவிடாது. நிறையப் புகைப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் உதவும், ஆனால் கொஞ்சம் குறைவாக, ஏனென்றால் மரபணு நாட்டமும் அளவுக்கேற்ப இருக்கலாமே என்று ஃபிஷர் பக்கத்திலிருந்து இன்னும் ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறது. இப்படி ஒவ்வொரு சாட்சிக்கும் சந்தேகப் பேர்வழியிடம் இன்னும் பதில் மிச்சம் இருக்கிறதா என்று எடைபோட்டுப் பழகினால், 'மிகவும் பலப்படுத்தும்' என்பதில் உள்ள 'மிகவும்' பயமுறுத்தாது. தேர்வில் இவ்வளவு நுணுக்கமான எடைபோடலும் பெரும்பாலும் தேவைப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தில் நான்கு ஆப்ஷன்கள் ஒன்றும் செய்யாதவை அல்லது கவிழ்ப்பவை, ஒன்றுதான் உண்மையில் பலப்படுத்தும். இரண்டும் பலப்படுத்துவதாகத் தோன்றினால், ஒன்று எந்த முடிவைப் பலப்படுத்துகிறது என்று திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டு முடிவாக இருக்கும்.

காரண காரியம் தவிர்த்த மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கருத்துக்கணிப்பு, மாதிரி வைத்துப் பேசும் வாதம் என்றால் மறுப்பு ஒன்றுதான்: அந்த மாதிரி எல்லோரையும் ஒத்ததா? ஒத்தது என்று காட்டுவதே விடை. ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்குச் சொல்லும் ஒப்புமை வாதம் என்றால், எலிகளில் வேலை செய்த மருந்து மனிதர்களிலும் செய்யும் என்பது போல, அந்த முடிவுக்குச் சம்பந்தமான விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். சம்பந்தமில்லாத ஒற்றுமை எத்தனை இருந்தாலும் வீண். திட்டம், யோசனை வகையில், அதாவது இதைச் செய்தால் இந்தப் பலன் கிடைக்கும் என்பதில், சந்தேகப் பேர்வழி நடைமுறைத் தடைகளைச் சொல்வார்: ஆட்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், வேறு வழியில் நழுவிவிடுவார்கள், செலவு பலனை விழுங்கிவிடும். தடை இல்லை என்று சொல்லும் ஆப்ஷன் சாதுவாக, எதிர்மறை வாக்கியமாக, கவர்ச்சி இல்லாமல் உட்கார்ந்திருக்கும், அதனாலேயே பலர் அதைக் கவனிப்பதில்லை. எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் நடுவே தாவும் வாதம் என்றால், விபத்துகள் கூடின, ஆகவே ஓட்டுவது ஆபத்தாகிவிட்டது என்பது போல, மொத்த வண்டிகள் கூடவில்லை என்று சொல்லும் ஆப்ஷனைத் தேடுங்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், அது பொதுவிதி வகை. 'பின்வரும் கொள்கைகளில் எது, ஏற்றுக்கொண்டால், இந்த வாதத்தை நியாயப்படுத்த மிகவும் உதவும்' என்று கேட்பார்கள். இங்கே இடைவெளி உண்மைக்கும் கடமைக்கும் நடுவில் இருக்கும். உதாரணமாக: இந்த ஓவியத்தை அருங்காட்சியகம் ஏமாற்றிப் பெற்றது, ஆகவே உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏமாற்றிப் பெற்றது என்பது ஆதாரம், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முடிவு. நடுவில் பாலம் தேவை. 'ஏமாற்றிப் பெற்ற எதையும் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்' என்றால் பாலம் போட்டாகிவிட்டது. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு ஆப்ஷன் இருக்கும்: 'ஏமாற்றிப் பெற்றவற்றை மட்டுமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.' ஒரு 'மட்டுமே' தான் வித்தியாசம், ஆனால் திசையே மாறிவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றால் அது ஏமாற்றிப் பெற்றதாக இருக்கும் என்கிறது இது. ஏமாற்றிப் பெற்றது என்றால் திருப்பியாக வேண்டும் என்று சொல்லவில்லை. இதே சொற்கள், இதே கருப்பொருள், பயன் இல்லை. இந்த வகையில் மாட்டிக்கொள்கிறவர்கள் கொள்கையை ஆதாரத்தில் தொடங்கி முடிவில் முடியும்படி, 'இப்படி இருந்தால் அப்படிச் செய்ய வேண்டும்' என்று மாற்றி எழுதிப் பாருங்கள். ஆதாரம் 'இருந்தால்' பக்கத்தில் வரவில்லை என்றால் அடித்துவிடலாம்.

'தவிர' கேள்விகளுக்கு ஒரு எச்சரிக்கை. பின்வருவன எல்லாம் பலப்படுத்தும், ஒன்றைத் தவிர, அது எது? நான்கு பலப்படுத்தும் என்றால் மிச்சம் ஒன்று பலவீனப்படுத்த வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எதையும் செய்யாமல் சும்மா இருக்கும் ஆப்ஷனும் விடையாகலாம், சொல்லப்போனால் அடிக்கடி அதுதான் விடை. பலவீனப்படுத்தும் ஒன்றைத் தேடிக்கொண்டே நேரத்தைத் தொலைக்காதீர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பலம் அல்லது பலம் இல்லை என்று குறித்துக்கொண்டே போங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பலப்படுத்தும் கூற்று, அவசியமான அனுமானம், போதுமான அனுமானம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறார்கள். மேசை வாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இரு குழுக்களுக்கும் புகார் விகிதம் வேறுபட்டதற்கு மேசையைத் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லை' என்று சொன்னால் முடிவு தப்பவே முடியாது, அது போதுமான அனுமானம். 'புகார் விகிதம் வேறுபட்டதற்கு உடற்பயிற்சி மட்டுமே முழுக் காரணம் இல்லை' என்பது அவசியமானது, ஏனென்றால் இதை மறுத்துப் பாருங்கள், உடற்பயிற்சிதான் முழுக் காரணம் என்றாகிவிட்டால் வாதம் நொறுங்கிவிடும். 'முன்பு இரு குழுவிலும் விகிதம் ஒன்றே' என்பது பலப்படுத்தும், ஆனால் அவசியமும் இல்லை, போதுமானதும் இல்லை. முன்பு மேசைக் குழுவில் புகார் அதிகமாக இருந்திருந்தால்கூட வாதம் பிழைத்துக்கொள்ளும், பார்க்கப்போனால் இன்னும் பலமாகும். மறுத்துப் பார்க்கும் உத்தியை ஸ்ட்ரெந்தன் கேள்வியில் பயன்படுத்துகிறவர்கள் சரியான விடையை அடித்துவிடுவது இதனால்தான்.

போட்டித் தேர்வுகளில் 'வலுவான வாதம், பலவீனமான வாதம்' என்று ஒரு பழைய வகை வருகிறதே, ஒரு கேள்வியும் அதற்கு ஆம், இல்லை என்று இரண்டு வாதங்களும் கொடுத்து எது வலு என்று கேட்பது, அது வேறு. அங்கே வாதம் கேள்விக்கு நேராகச் சம்பந்தப்பட்டதா, பொருட்படுத்தத் தக்கதா என்பதுதான் பார்வை. இங்கே சொன்னதை அங்கே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நேரம் பற்றி. எல்சாட்டில் 2024 ஆகஸ்டிலிருந்து புதிர் விளையாட்டுப் பகுதியை (லாஜிக் கேம்ஸ்) எடுத்துவிட்டார்கள், மதிப்பெண்ணுக்குக் கணக்கிடும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்தான், ஒவ்வொன்றும் 35 நிமிடம், ஏறத்தாழ 25 கேள்வி. கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. இப்போதைய ஜிமேட்டில் வெர்பல் பகுதி 45 நிமிடத்தில் 23 கேள்வி, கிட்டத்தட்ட இரண்டு நிமிடம், ஆனால் நடுவே நீளமான படித்தறிதல் பகுதிகளும் உண்டு. இவ்வளவு நெருக்கடியில் சந்தேகப் பேர்வழியோடு உட்கார்ந்து பேச நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாதத்தைப் படித்ததும் பத்து பதினைந்து நொடி அவருக்குக் கொடுத்தால், ஆப்ஷன்களுக்கு நடுவே ஊசலாடும் ஒரு நிமிடம் மிச்சமாகும். மறுப்பு எதுவும் தோன்றவில்லை என்றால் முடிவு எது என்பதையாவது உங்கள் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டு ஆப்ஷனுக்குப் போங்கள். எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். ஜிமேட்டில் ஒரு பகுதியின் முடிவில் மூன்று விடைகள் வரை திரும்பிப்போய் மாற்றலாம், இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே நிற்கும் கேள்வியைக் குறித்துவைத்துவிட்டு நகருங்கள், திரும்பி வரும்போது சாய்வு கொஞ்சம் குறைந்திருக்கும்.

பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றுதான், ஆனால் யாரும் செய்வதில்லை, அலுப்பாக இருக்கும். தவறாகப் போன ஒவ்வொரு ஸ்ட்ரெந்தன் கேள்விக்கும், சரியான விடை ஏன் சரி என்பதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த தவறான ஆப்ஷனைச் சந்தேகப் பேர்வழியிடம் சொன்னால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'வசதியாக இருக்கட்டுமே, வலி குறைந்ததா?' என்பது போல. நாலைந்து வாரம் எழுதினால் உங்கள் பலவீனம் எது என்று அந்த வாக்கியங்களிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு எல்லாம் ஒரே மாதிரி 'அது வேறு விஷயம்' என்றே வரும், அவர்கள் முடிவைச் சரியாகப் படிப்பதில்லை. சிலருக்கு 'அதுதான் ஏற்கெனவே தெரியுமே' என்று வரும், அவர்கள் ஆதாரத்தைத் திரும்பச் சொல்லும் ஆப்ஷனில் விழுகிறவர்கள். எந்தக் கூட்டம் என்று தெரிந்தபிறகு, கடைசி இரண்டு ஆப்ஷன்களில் நிற்கும்போது எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.